ஐம்பதில் வளைந்த விரல்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், தோட்டத்துத் தாய்மார்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சற்று முன்பு மாணவிகள் கடவுள் வாழ்த்துப் பாடினார்களே, அதற்கு ஆர்மோனியம் வாசித்தது நான்தான். இரண்டாவது அடியில் ஒரு சுரம் தவறியது. முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தம்பி, உன் காது நல்ல காது. நீ கேட்டது சரிதான். என் மோதிர விரல் போக வேண்டிய கட்டைக்குப் போகாமல் பக்கத்துக் கட்டையில் விழுந்துவிட்டது. அது ஏன் அப்படி விழுகிறது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள். 1975ஆம் ஆண்டு, பதினேழு வயதில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தேன். இருபத்தேழு வருடம் அதை விடவில்லை. போன மாதம் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "அம்மா, விழாவில் உங்க கையைப் பத்திப் பேசுங்க" என்றார். "கையைப் பத்திப் பேச என்ன சார் இருக்கு?" என்றேன். "பிள்ளைங்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்க கையைப் பார்க்கிறாங்க. கேட்கத்தான் பயப்படுறாங்க" என்றார்.

சரி, இதோ என் கை. நன்றாகப் பாருங்கள். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. முட்டிகள் தடித்திருக்கின்றன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். என் விரல்கள் ஐம்பதுக்கு முன்பே வளைந்துவிட்டன. ஆனால் வேண்டாத பக்கமாக வளைந்துவிட்டன. அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் ஐம்பதாவது வயதில் ஆர்மோனியம் கற்றுக்கொண்டேன்.

மரம் காட்டிக் கொடுத்தது

1999ஆம் ஆண்டு. அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. காலையில் எழுந்தால் இரண்டு கையும் மடங்காது. தூங்கும்போது யாரோ விரல்களுக்குள் சிமெண்டு ஊற்றியது போல இருக்கும். முந்தானையைச் செருகக் கூட முடியாது. வெயில் ஏறி ஒன்பது மணி ஆனால் கொஞ்சம் இளகும். ஆனால் பால்வெட்டு ஒன்பது மணிக்கா தொடங்குகிறது? பெரட்டுக்கு நிற்கும்போது இன்னும் இருட்டாகவே இருக்கும். வெட்டுக்காட்டில் முதல் நிரைக்குப் போகும்போது பனி சொட்டும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பச்சைத்தண்ணீரில் அதிகம் புழங்கினால் வரும் வாதம், போய்விடும் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய காரணம் பயம். கை முடியாது என்று தெரிந்தால் பேர் வெட்டிவிடுவார்களோ என்ற பயம். வீட்டில் மூன்று பிள்ளைகள். கத்திப் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொண்டேன். மங்கு கழுவுகிற வேலையை மகளிடம் தள்ளினேன். "ஏம்மா, கை வீங்கியிருக்கே?" என்று அவள் கேட்டால், "குளவி கொட்டிருச்சு" என்பேன். எத்தனை தடவைதான் குளவி கொட்டும்?

பால் வெட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கத்தியை ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும் என்றால் மணிக்கட்டு சொன்னபடி கேட்க வேண்டும். என் மணிக்கட்டு கேட்கவில்லை. ஒருநாள் மண்டோர் என் நிரையில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இருபது முப்பது மரத்தில் காயம். அவர் திட்டவில்லை. "என்னம்மா, இத்தன வருசமா ஒன் மரத்துல ஒரு காயம் பாத்ததில்ல. கையைக் காட்டு" என்றார். காட்டினேன். அன்றைக்குத்தான் அழுதேன்.

கை வலியை நான் மறைத்தேன். மரம் காட்டிக் கொடுத்துவிட்டது.

மூன்று நாளில் போன வலி

அதற்குப் பிறகாவது நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேனா? இல்லை. வாரச் சந்தையில் ஒருவர் மாத்திரை விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம் வேர், பச்சிலை என்றார். பேர் இல்லை, சீட்டு இல்லை. வெறும் பிளாஸ்டிக் பை. வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றே நாளில் வலி போய்விட்டது! தெய்வமே இறங்கி வந்தது என்று நினைத்தேன். நாலு மாதம் சாப்பிட்டேன். முகம் பூரணச் சந்திரன் மாதிரி உப்பிவிட்டது. "அக்கா, நல்லாக் கொழுத்துட்டீங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது கொழுப்பு இல்லை. அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு என்ற மருந்தைக் கலந்திருக்கிறார்கள். அது வலியை அமுக்கும்; சர்க்கரையை ஏற்றும், எலும்பை உளுத்துப்போக வைக்கும். பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து; டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மூன்று நாளில் முடக்குவாதத்தைப் போக்குகிறேன் என்று யாராவது பிளாஸ்டிக் பையோடு வந்தால், தாய்மார்களே, என் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

2001ஆம் ஆண்டில்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு வெள்ளிச் சீட்டு. இரத்தம் எடுத்தார்கள், கைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு மலாய்க்கார டாக்டரம்மா. என் கையை மெதுவாகத் தன் கையில் வைத்துக்கொண்டு, "மக்சிக், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று மலாயில் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். மூட்டு நோயில் பல வகை உண்டு. வயதானபின் மூட்டு தேய்ந்து வருவது ஒன்று. அது பெருவிரல் அடியிலும், விரல் நுனி மூட்டிலும் அதிகம் வரும். காலையில் உள்ள இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் போய்விடும். எனக்கு வந்தது முடக்குவாதம். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல்படை, வழி தெரியாமல் நம் மூட்டின் உள்தோலையே தாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒன்றாக வரும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பச்சைத்தண்ணீரால் வருவதில்லை, பாவத்தால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

எனக்கு மெத்தோடிரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டேன். இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் குடிக்கக்கூடாது. பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் இதைச் சாப்பிடவே கூடாது. குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மெதுவாகத்தான் கேட்டது, ஆனால் கேட்டது. வீக்கம் வடிந்தது. டாக்டரம்மா மட்டும் உண்மையை மறைக்காமல் சொன்னார்: "வளைந்தது நிமிராது, மக்சிக். மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். முதல் சில மாதங்களிலேயே வந்திருந்தால் இவ்வளவு வளைந்திருக்காது."

2002இல் கத்தியைக் கீழே வைத்தேன். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். நான் வெட்டிய மரங்களும் இப்போது இல்லை. அந்த இடமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது.

பத்தாவது ஆள்

2008ஆம் ஆண்டு. என் பேத்தி இதே பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, இதே மண்டபத்தில், ஓர் இசை ஆசிரியர் ஆர்மோனியம் சொல்லித்தர வருவதாக ஏற்பாடு. மாதம் பத்து வெள்ளி. பத்துப் பேராவது சேர்ந்தால்தான் அவருடைய பஸ் செலவுக்குக் கட்டும். ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். பத்தாவது பிள்ளை வரவில்லை. வாத்தியார் பெட்டியை மூடப்போனார். என் பேத்தியின் முகம் சுருங்கிவிட்டது.

நான் சும்மா துணைக்கு வந்தவள். "வாத்தியாரையா, பத்தாவது பேரா என் பேரை எழுதிக்குங்க" என்றேன். பணத்துக்காகத்தான் சொன்னேன். அவர் அதை உண்மை என்று நம்பிவிட்டார்! "வாங்கம்மா, உட்காருங்க" என்று என் முன்னால் பெட்டியை வைத்தார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். பழைய பழக்கம். மறைக்கும் பழக்கம்.

ஒரு சின்னப் பையன் கேட்டான்: "பாட்டி, ஒங்க கை ஏன் அப்படி இருக்கு?" எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் அவனை அதட்டப் போனார். நான் தடுத்தேன். முதல் தடவையாக ஒருவர் கேட்டதற்கு உண்மையான பதில் சொன்னேன். "இது ஒரு நோய் கண்ணு. வலிக்கும். ஒட்டிக்காது." அவன் "ஓ" என்றான், திரும்பிப் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அவ்வளவுதான்! ஒன்பது வருடம் நான் பயந்த கேள்வி, ஓர் "ஓ"வில் முடிந்துவிட்டது.

கைக்கு ஏற்ற பெட்டி

வாத்தியார் நல்ல மனுஷர், நல்ல ஞானஸ்தர். என் விரல்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, வீணை என்றால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். பிடில் என்றால் கழுத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். புல்லாங்குழல் என்றால் துளையைச் சந்து விடாமல் மூட வேண்டும். ஆர்மோனியத்தில் கட்டையை லேசாக அமுக்கினால் போதும்; ஒலி காற்றில் வருகிறது, விரல் பலத்தில் வரவில்லை." சுரத்தை வளைத்துக் கமகம் காட்ட இதில் முடியாது என்பதால், அகில இந்திய வானொலி 1940இல் இதற்குத் தடை போட்டு, 1971இல்தான் தளர்த்தியதாம். "வளையாத வாத்தியமும் வளையாத விரலும். நல்ல பொருத்தம்மா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் சொன்னார். இந்தப் பெட்டி நம் நாட்டுப் பெட்டியே இல்லையாம். 1842இல் பாரிஸ் நகரில் பதிவு செய்யப்பட்டது. அப்போது நாற்காலியில் உட்கார்ந்து, காலால் மிதித்து வாசித்தார்கள். பிறகு கல்கத்தாவில்தான், தரையில் உட்கார்ந்து பாடுகிற நம்மவர்களுக்காக, கையால் துருத்தி போடுகிற சின்னப் பெட்டியாக மாற்றினார்கள். "மனுஷனுக்காகப் பெட்டி மாறியிருக்கிறது. உங்களுக்காக இன்னும் கொஞ்சம் மாறினால் என்ன?" என்றார்.

எப்படி மாற்றினோம் என்று கேளுங்கள். கை நோவு உள்ள யாருக்காவது பயன்படும்.

தரையில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெட்டியை ஒரு சின்ன மேசையில், முழங்கை உயரத்துக்கு வைத்தோம். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக. துருத்தியை விரலால் பிடித்து இழுப்பதை விட்டுவிட்டு, இடது உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். ஒரு சுரத்தை அமுக்கினால் அடுத்த ஸ்தாயியின் சுரமும் சேர்ந்து இறங்கும்படி சில பெட்டிகளில் ஒரு கப்ளர் இருக்கும். சத்தம் கூடும்; ஆனால் கட்டையும் கனக்கும். அதை மூடிவிட்டோம். ரிப்பேர்காரரிடம் கொடுத்துக் கட்டைகளின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினோம். சுண்டுவிரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மற்ற விரல்களால் வாசிக்கும்படி விரல் முறையை வாத்தியார் புதிதாக எழுதிக் கொடுத்தார்.

பாடத்தையும் மாற்றினார். மற்ற பிள்ளைகளுக்கு முறைப்படி மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. எனக்கு முதலில் ஒரு கட்டைச் சுருதியில் சங்கராபரணம். ஏழு சுரமும் வெள்ளைக் கட்டையிலேயே வரும், மேலும் கீழும் தாண்ட வேண்டாம். அதன்பின் நாலரைக் கட்டையில் மோகனம். அது பெரிய தந்திரம். மோகனத்தின் ஐந்து சுரமும் அந்தச் சுருதியில் ஐந்து கருப்புக் கட்டைகளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கருப்புக் கட்டைகள் மேலே எழும்பி, இடைவெளி விட்டு நிற்கின்றன. தடித்த விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் தவறான சுரம் கேட்காது. கண்ணை மூடிக்கொண்டு தடவியே வாசிக்கலாம்.

வலியோடு ஓர் ஒப்பந்தம்

ஆர்வக் கோளாறில் முதல் மாதம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒருநாள் இரண்டு மணி நேரம் விடாமல் வாசித்தேன். மறுநாள் இரண்டு கையும் சூடாகி வீங்கிவிட்டன. ஒரு வாரம் சோற்றுப் பானையைக்கூட இறக்க முடியவில்லை. மகள் கோபித்துக்கொண்டாள். "இந்த வயசுல ஒனக்கு எதுக்கும்மா பாட்டும் பெட்டியும்? கத்தி புடிச்சுக் கெட்ட கை பத்தாதா?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கையைத்தான் அவள் பத்து வருடமாகக் கழுவித் துடைத்துக் கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டாள்.

நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் இருந்த நம் தமிழ்ப் பையனிடம் பயந்து பயந்து சொன்னேன். அவன் திட்டவில்லை. "ஆண்ட்டி, வாசிங்க. ஆனா கணக்கோட வாசிங்க" என்று சொல்லிக் கொடுத்தான். அந்தக் கணக்கு இதுதான்.

காலையில் வாசிக்கக்கூடாது, இறுக்கம் விட்ட பிறகு மாலையில் வாசிக்க வேண்டும். தொடங்கும் முன் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, பத்து நிமிடம் கையை அதில் மெதுவாக மூடித் திறக்க வேண்டும். பத்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. அதற்கு ஓர் அலாரக் கடிகாரம் வைத்துக்கொண்டேன். வாசித்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் முன்னைவிட அதிகமாக வலித்தால், இன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள்; நாளைக்குக் குறைக்க வேண்டும். மூட்டு சூடாகி வீங்கியிருந்தால் அன்றைக்குப் பெட்டியைத் தொடவே கூடாது.

தொடாத நாளில் என்ன செய்வது? கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் சுரம் பாடுவேன். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று மனசுக்குள்ளேயே ஓட்டுவேன். அதுவும் சாதகம்தான் என்று வாத்தியார் சொன்னார். நல்ல நாள் வந்து பெட்டியைத் தொட்டால், விரல் போன தடவையைவிட வழி தெரிந்து போகும்.

ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியம் வாசித்தால் முடக்குவாதம் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவது அந்த வெள்ளிக்கிழமை மாத்திரைதான். ஆனால் நோய் வந்த கையை மடக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்காரவும் வேண்டியதில்லை. 2015இல் இங்கிலாந்தில், முடக்குவாதம் உள்ள 490 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்கள். முறையான கைப்பயிற்சியை மருந்தோடு சேர்த்துச் செய்தவர்களின் கை, நன்றாகப் புழங்க உதவியதாம். கையை அளவோடு புழங்க வேண்டும். அடித்து ஓட்டவும் கூடாது, சும்மா போடவும் கூடாது.

என் வகுப்புத் தோழர்கள் நாலு மாதத்தில் படித்ததை நான் இரண்டு வருடத்தில் படித்தேன். என் பேத்தி ஒரு வருடத்தில் நின்றுவிட்டாள்; அவளுக்கு நெட்பால் பிடித்துவிட்டது. எனக்கு வேறு வழி இல்லை, நான் பத்தாவது ஆள் அல்லவா! 2012ஆம் ஆண்டுத் திருவிழாவில் கோயில் பஜனைக்கு முதல் தடவையாக வாசித்தேன். மூன்று பாட்டு, மூன்றும் மோகனம். பஜனை முடிந்ததும் மகள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பில் வெந்நீர் வைத்தாள். "கையை உள்ளே வைம்மா" என்றாள். அதுதான் நான் வாங்கிய பரிசு.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு இரண்டு பேர் இருக்கிறோம். கை நல்ல நாளில் நான். கை கெட்ட நாளில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி. எந்த நாள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் அவன் தயாராகவே வருவான். இதில் எனக்கு வெட்கம் இல்லை.

மறைக்காதீர்கள்

அமெரிக்காவில் பைரன் ஜேனிஸ் என்று ஒரு பெரிய பியானோ கலைஞர் இருந்தார். 1928இல் பிறந்தவர்; 2024இல் மறைந்தார். உலகமெல்லாம் போய் வாசித்தவர். 1973இல் அவர் கைகளில் மூட்டுவாதம் வந்தது. வலியோடு மேடை மேடையாக வாசித்துக்கொண்டே, பன்னிரண்டு வருடம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். 1985இல் வெள்ளை மாளிகையில் நடந்த கச்சேரியின்போதுதான் ஊரறியச் சொன்னார். அதன்பிறகு அதே நோய்க்காரர்களுக்காகப் பேசவும் செய்தார், தொடர்ந்து வாசிக்கவும் செய்தார். வாத்தியார் எனக்கு இந்தக் கதையைச் சொன்னபோது நான் நினைத்தேன்: அவ்வளவு பெரிய மேதையும் நம்மைப் போலத்தான் முந்தானைக்குள் கையை மறைத்திருக்கிறார்!

மாணவச் செல்வங்களே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கணக்கு வரவில்லையா? கரும்பலகையில் எழுத்துத் தெரியவில்லையா? மலாய்ப் புத்தகம் படிக்கத் திணறுகிறதா? மறைக்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். நான் இரண்டு வருடம் மறைத்தேன். அந்த இரண்டு வருடத்தின் விலை இதோ இந்த விரல்களில் இருக்கிறது. சீக்கிரம் சொன்னால் சீக்கிரம் வழி பிறக்கும். இன்றைக்குப் பரிசு வாங்காதவர்கள் தோற்றவர்கள் இல்லை. உங்கள் கைக்கு ஏற்ற சுருதியை இன்னும் யாரும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பெற்றோர்களே, இந்த நோய் கிழவிகளுக்கு மட்டும் வருவது என்று இருந்துவிடாதீர்கள். பதினாறு வயதுக்கு முன்பே வரும் மூட்டுவாதமும் உண்டு. காலையில் எழுந்ததும் பிள்ளை நொண்டினால், மூட்டு வீங்கியிருந்தால், பென்சிலைப் பிடிக்க முடியாமல் அடிக்கடி கீழே போட்டால், "சோம்பேறி" என்று அடிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கை ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருந்தால் நீங்களும் போங்கள். பேர் வெட்டிவிடுவார்களோ என்று பயப்படுவீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் பேர் ஒருநாள் வெட்டினால் இன்னொரு நாள் எழுதலாம். விரல் வளைந்தால் நிமிர்த்த முடியாது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். எங்கள் வாத்தியாருக்கு வயதாகிவிட்டது. அவரிடம் படித்த மாணவி ஒருவர் இப்போது வகுப்பு எடுக்கிறார். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நாலு மணி, இதே மண்டபம். இந்த வருடம் என்னையும் சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறோம். வயது வரம்பு இல்லை, விரல் வரம்பும் இல்லை. செம்பனைக் குலை தூக்கிக் காய்த்துப்போன கையானாலும் பரவாயில்லை.

பத்தாவது ஆள் யார்?